நாலாவது ஆள்

"சிஸ்டர், மண்ணுல அவரு என்ன எழுதினாரு?"

பர்னபாஸ் இதைக் கேட்பது இது மூன்றாவது காலை.

சிஸ்டர் கொர்னேலியா சிலுவை நட்ட சின்னக் குருசடியின் வாசலில் மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"கேக்கேன்லா, சிஸ்டர்?"

"காது நல்லாத்தான் இருக்கு ஐயா."

"அப்பம் சொல்லுங்க."

சிஸ்டர் மணலைத்தான் தடவினார்.

*

தவக்காலம் வந்துவிட்டால் அந்தக் கடற்கரை ஊரில் இது வழக்கம். காலைப் பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கரையோரக் குருசடிக்கு வருவார்கள். சிஸ்டர் மணலில் ஒரு வட்டம் போடுவார். அந்தந்த வாரத்து வேத வாசகத்தை ஒரு தடவை வாசிப்பார். பிரசங்கம் கிடையாது, விளக்கம் கிடையாது. கதையில் வரும் ஆட்களுக்கு ஆளுக்கொரு சிப்பியை வட்டத்துக்குள் வைப்பார்.

பிறகு ஒரே ஒரு கேள்வி.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவரவர் எழுந்து போய், தனக்குத் தோன்றுகிற இடத்தில் நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதுதான் சிஸ்டரின் தியானம்.

சிஸ்டருக்கு நாற்பது வயது. ஊரில் மடத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பர்னபாஸுக்கு அறுபத்தொன்று. இருபது வயது குறைந்தவரிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. மனுசனைப் பற்றி நல்லது ஒன்று சொல்வதென்றால் அதைச் சொல்லலாம்.

அந்த வாரத்து வாசகம், கல்லெறிந்து கொல்வதற்காக ஒரு பெண்ணை இழுத்து வந்த கதை. ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். கூட்டம் விடாமல் நச்சரிக்கிறது. நிமிர்ந்து, பாவம் இல்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்கிறார். மறுபடி குனிந்து எழுதுகிறார். பெரியவர்களில் தொடங்கி ஒவ்வொருத்தராகக் கலைந்து போகிறார்கள்.

பெண்கள் எல்லாரும் அந்தப் பெண்ணின் சிப்பி பக்கம் போனார்கள். பர்னபாஸ் நேராக ஆண்டவரின் சிப்பி பக்கத்தில் போய் நின்றார்.

"நான் எழுதுறவன். எழுதுறவரு பக்கத்துலதான நிக்கணும்?"

அடேயப்பா! ஊர்க்கமிட்டிக்கு முப்பது வருஷமாகச் செயலாளர். கல்யாண ஒப்பந்தம், பாகப் பத்திரம், ஊர்த் தீர்ப்பு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். அந்த நினைப்பு.

*

ஆனால் அவர் திரும்பத் திரும்ப அந்த எழுத்தையே கேட்டதற்குக் காரணம் வேறு. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பத்து நாளைக்கு முன், நல்ல உச்சிவெயில். அடுத்த ஊர்க்காரர்கள் நம் கடலுக்குள் வந்து வலை போட்டார்கள் என்று ஏற்கெனவே புகைச்சல். கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாலு பேர் அந்த ஊர் எல்லைக்குப் போனார்கள். மூன்று பேர் காய்ந்துகொண்டிருந்த வலைகளை இழுத்துக் குவித்தார்கள். நாலாவது ஆள் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றார். கேனை ஒருவன் வாங்கி ஊற்றினான், இன்னொருவன் கொளுத்தினான்.

வள்ளத்து நிழலில், வலைமேலேயே ஒரு மனுசன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அடைக்கலம் என்று பெயர். கிழிந்த வலை பொத்துகிறவன். அது இவர்களுக்குத் தெரியாது.

அலறல் கேட்டதும் நாலு பேரும் ஓடினார்கள். முதலில் ஓடியவர் பர்னபாஸ்.

எல்லைக்கு இந்தப் பக்கம் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த நம் ஊர்ப் புளோராதான் ஓடிவந்து, அடைக்கலத்தை இழுத்து மணலில் புரட்டினாள். அவனுக்கு இரண்டு கையும் வெந்து போயிற்று. வலை பொத்துகிற கை, ஐயோ. புளோராவுக்கும் இடது கையில் தீக்காயம்.

அன்றைக்கே அவள் போலீஸில் போய்ச் சொன்னாள். மூன்று பேர் பெயரைச் சொன்னாள்.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கமிட்டியைக் கேட்காமல் யாரும் போலீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் ஊர்விலக்கு. ஒருவரும் பேச மாட்டார்கள். கடையில் சாமான் கிடையாது. கருவாட்டை வாங்க ஆள் வராது. செத்தால்கூடக் கோயிலில் மணி அடிக்காது. சொன்ன சாட்சியை வாபஸ் வாங்கும் வரைக்கும் இப்படித்தான்.

புளோராவின் புருஷன் கொச்சியில் மீன்பிடி போட்டு வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் ஒரு கைக்குழந்தையும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். பங்குச்சாமியார் ஞான ஒடுக்கத் தியானத்துக்குப் போயிருக்கிறார், திங்கள்கிழமைதான் வருவார். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது தலைவர் மார்சலினின் கணக்கு. அந்த மூன்று பேரில் ஒருவன் அவர் அக்கா மகன். மூன்று பேரும் ஜாமீனில் வந்து ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார்கள்.

விலக்கை எழுத வேண்டியவர் பர்னபாஸ். எழுதியும் வைத்துவிட்டார். மைக்கில் வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிற மனுசன். மீன் தொடுவதில்லை. விடிந்தால் வேதாகமத்தைத் திறந்துவிடுவார். இந்தப் பத்து நாளாகத் திறந்தால் ஒன்றும் ஓடவில்லை. கண் அந்த ஒரு வரியிலேயே போய் நின்றது. குனிந்து எழுதினார் என்று இருக்கிறது, என்ன எழுதினார் என்று இல்லை. இழுத்து வந்தவர்களின் பெயர்களாக இருக்குமோ? ஒவ்வொருத்தன் செய்ததையும் எழுதியிருப்பாரோ?

பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம்.

*

"எல்லாத்துக்கும் உங்ககிட்ட பதில் இருக்கு சிஸ்டர். இதுக்கு மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிய?"

வெள்ளிக்கிழமை காலை. மற்றவர்கள் போய்விட்டார்கள். பர்னபாஸின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சிஸ்டர் நிமிர்ந்தார்.

"அவர் எழுதினதைப் பார்க்கணுமா?"

"பாக்கணும்."

"அப்போ குனியுங்க."

பர்னபாஸ் இடுப்பை வளைத்துப் பார்த்தார். சமமான மணல். ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணுமில்லையே."

"இன்னும் கீழ."

முழங்கால் வலிக்காரர். முனகிக்கொண்டே மண்டியிட்டார். மணலுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கு.

"ஒண்ணுந் தெரியல சிஸ்டர்."

சிஸ்டரும் எதிரில் குனிந்துகொண்டார்.

"இப்போ என் முகம் தெரியுதா?"

"இல்ல. முக்காடுதான் தெரியுது."

"உங்க முகமும் எனக்குத் தெரியல."

"சரி, அதுக்கென்ன?"

"நிமிந்துக்கோங்க."

பர்னபாஸுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. சின்னப் பிள்ளையைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைத்தது மாதிரி இருந்தது. கையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நான் கேட்டது ஒண்ணு, நீங்க காட்டுறது ஒண்ணு."

"நானும் ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கூட்டத்துல மொதல்ல கலைஞ்சு போனது யாரு?"

"பெரியவங்கதான். அதான் எழுதியிருக்கே."

"கமிட்டியில யாரு பெரியவர்?"

பர்னபாஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 

சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்து நீட்டினார்.

"கூட்டத்துக்கு வரச் சொல்ல புளோரா வீட்டுக்குப் போகணும் இல்லையா? இதையும் குடுத்துடுங்க. தீக்காயத்துக்கு."

*

ஊர்க்கூட்டத்துக்கு ஆளை அழைக்கச் செயலாளரே நேரில் போக வேண்டும். அதுவும் வழக்கம்.

ஒரு கையில் ஊர் ஓலை, ஒரு கையில் களிம்பு. பர்னபாஸ் போய் வாசலில் நின்றார்.

புளோரா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வந்தாள்.

"வாங்க மாமா."

"நாளைக்கு நாலு மணி. கொடிமரத்தடிக்கு வரணும்."

"வாரேன்."

"என்னத்துக்குன்னு தெரியும்லா?"

"ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியாதா?"

"வாபஸ் வாங்கிட்டா ஒரு தொந்தரவும் இல்ல பிள்ளே. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"அடைக்கலம் அண்ணன் இப்பம் சோறு எப்பிடித் தின்னுதாரு தெரியுமா மாமா? பெஞ்சாதி ஊட்டி விடுதா."

பர்னபாஸ் களிம்பை நீட்டினார்.

"சிஸ்டர் குடுத்து விட்டாவ."

அவள் வாங்கினாள். இடது கையில் கட்டு. ஒற்றைக் கையால் மூடியைத் திருகப் பார்த்தாள், முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"கொண்டா."

பர்னபாஸ் மூடியைத் திறந்துகொடுத்தார். அவள் கட்டைப் பிரித்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. மண்ணெண்ணெய் வாடை அவர் மூக்கில் ஏறியது. அங்கே மண்ணெண்ணெய் ஏது? ஆனாலும் ஏறியது.

கேட்காமல் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தார். நாக்கு கேட்கவில்லை.

"ஸ்டேஷன்ல... ரொம்பத் துருவிக் கேட்டாவளோ?"

"கேட்டாவ."

"மூணு பேரச் சொன்னியாக்கும்."

"ஆமா."

"நாலாவது ஆளு யாருன்னு கேக்கலையா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாலாவது ஆள் என்று ஒருவன் இருந்ததே ஊரில் யாருக்கும் தெரியாது. கூட வந்த மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. செயலாளர் வெளியே இருந்தால்தான் நம்மைக் காப்பாற்றுவார் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு.

சேசு மரியே! காது இரண்டும் பர்னபாஸுக்குச் சுட்டது.

புளோரா ஆச்சரியப்படவில்லை. காயத்தில் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டாவ மாமா. மணல்ல கேன் கிடந்துதுல்லா? அத யாரு கொண்டு வந்தான்னு எஸ்.ஐ. திருப்பித் திருப்பிக் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சுக்கிட்டேன். தரையவே பாத்துக்கிட்டு, கால் பெருவிரலால கீறிக்கிட்டே நின்னேன்."

பர்னபாஸ் அவள் கால் பெருவிரலைப் பார்த்தார்.

"என்னத்தக் கீறின?"

"என்னத்தக் கீறுனேன்? ஒண்ணுமில்ல, சும்மா கீறுனேன். நிமிந்தா உங்க பேரு வாயில வந்துரும்னு பயம்."

குழந்தை வந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தது.

"என்ன ஏன் விட்ட பிள்ளே?"

"மூணு பேரும் ஓடுன ஓட்டத்துல திரும்பிப் பாக்கல. நீங்க ஒரு தடவ நின்னு திரும்பிப் பாத்திய. அந்த மொகத்தப் பாத்தேன். சரி, இவரா வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன்."

கட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"பத்து நாளா நெனைக்கேன் மாமா."

*

சனிக்கிழமை. கொடிமரத்தடியில் ஐந்து நாற்காலி. மணலில் ஊர்.

புளோராவைச் சுற்றி இப்போதே பத்தடிக்கு ஆள் இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தின் கடைசியில், ரோட்டுக்குப் போகிற பாதை ஓரமாக, சிஸ்டர் கொர்னேலியா மணலில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மார்சலின் மைக்கைத் தட்டினார். அது ஒரு கீச்சுக் கீச்சியது.

"எல்லாருக்கும் விசயம் தெரியும். ரொம்பப் பேச வேண்டாம். அண்ணாச்சி, வாசிங்க."

பர்னபாஸ் எழுந்தார். காகிதத்தை விரித்தார். அவர் கையெழுத்துத்தான். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை.

வாசிக்கவில்லை.

"அண்ணாச்சி?"

"ஒரு திருத்தம் இருக்கு தலைவரே."

"எழுதுனதே நீங்கதான? என்ன திருத்தம்?"

"இவ மூணு பேரக் காட்டிக் குடுத்தான்னு எழுதியிருக்கேன். அன்னைக்கு அங்க நின்னது நாலு பேரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஜாமீனில் வந்த மூன்று பேரில் ஒருவன் துள்ளி எழுந்தான். மார்சலினின் அக்கா மகன், சேசடிமை.

"அண்ணாச்சி, பேசாம உக்காருங்க!"

"உக்காந்துதான் பத்து நாள் ஆச்சு ஏல."

"நீங்களும் போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா? யோசிச்சுப் பேசுங்க."

பர்னபாஸ் மைக்கைக் கிட்டே இழுத்தார்.  முப்பது வருஷம் ஊர்த் தீர்ப்பு வாசித்த மைக்.

"நாலாவது ஆளு நான். கேன் எங் கையிலதான் இருந்துச்சு. அடைக்கலம் அலறினப்பம் மொதல்ல ஓடுனதும் நான்தான்."



"மைக்க அணைங்கடே!" மார்சலின் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணாச்சிக்கு ஒருசந்தி, வெயிலு. தலை சுத்துது போல. யாராவது தண்ணி குடுங்க."

"தலை ஒண்ணும் சுத்தல."

"இவளுக்கும் இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

பர்னபாஸ் புளோராவைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. ஊர் மொத்தமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே இருந்தாள். கால் பெருவிரல் மணலில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டார், யாரும் பார்த்தால் பார்க்கட்டும்.

"தலைவரே, கமிட்டியில மூத்தவன் யாரு?"

"என்ன கேள்வி இது? நீங்கதான்."

"அப்பம் மொதல்ல நான் போறேன்."

"எங்க போறிய?"

"ஸ்டேஷனுக்கு. நாலே முக்காலுக்கு பஸ் இருக்கு."

காகிதத்தை மடித்துத் தன் நாற்காலியில் வைத்தார். யாரோ "அண்ணாச்சி, வேண்டாம்" என்றார்கள். யாரோ வைதார்கள். அவர் மணலில் இறங்கி நடந்தார். கூட்டம் வழி விட்டது.

பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கமிட்டியில் அவருக்கு அடுத்த வயசுக்காரர் தொம்மை. அவருக்கு முட்டு வலி, நாற்காலியைத் தள்ளாமல் எழுந்திருக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு நாற்காலி.

பர்னபாஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதை ஓரத்தில் சிஸ்டர் கொர்னேலியா குனிந்திருந்தார். ஒற்றை விரலால் மணலில் எழுதிக்கொண்டிருந்தார். பர்னபாஸ் வருவது தெரிந்தும் நிமிரவில்லை. எழுத்து பாதை வரைக்கும் நீண்டு, பர்னபாஸின் காலடிக்கே வந்துவிட்டது.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மிதித்துவிடக் கூடாதே என்று ஒதுங்கிக் கால் வைத்தார்.

என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ரோட்டுக்கு ஏறினார்.